கைரோபிராக்டிக் படிக்கப் போன கதை

இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்க நண்பர்கள் வந்து கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். சோழர் கடற்படையைப் பற்றியும், தீவுக்குத் தமிழர் வந்து குடியேறிய வரலாற்றைப் பற்றியும் எழுதத் தகுந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஜெராக்ஸ் எடுப்பது. "அந்த டாக்டர் கதைய எழுதுங்கண்ணே, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றார் ஒரு தம்பி. வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

டெலானிபூரில் நான் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஊர்ப் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டாலும், வருகிறவர்கள் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறார்கள். மே, ஜூன் மாதங்களில் கடையில் கூட்டம் அதிகம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளோடு பெற்றோர் வந்து மதிப்பெண் பட்டியல், தீவுவாசி அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் நகல் எடுப்பார்கள். கூடவே மெயின்லேண்டில் உள்ள ஏதோ ஒரு கல்லூரியின் வழவழப்பான விளக்கப் புத்தகமும் கையில் இருக்கும். நகல் எடுத்துக்கொண்டே அதை நானும் புரட்டிப் பார்ப்பேன். பல சமயம் நெஞ்சு திக்கென்கும். 1998இல் என் கையில் இருந்ததும் அதே மாதிரியான புத்தகம்தான்.

என் அப்பா சாத்தம் மரஅறுவை ஆலையில் வேலை பார்த்தவர். 1883இல் வெள்ளைக்காரர் தொடங்கிய ஆலை அது. படாக் மரத்தின் கனம் நம் ஆட்களுக்குத் தெரியும். முப்பது வருடம் அந்தக் கட்டைகளோடு மல்லுக்கட்டியதில் அப்பாவுக்கு இடுப்பு போய்விட்டது. இரவில் புரண்டு படுக்க முடியாமல் அவர் முனகுவதைக் கேட்டே வளர்ந்தேன். முதுகுவலிக்கு மருந்தில்லாமல், ஊசியில்லாமல், கையாலேயே வைத்தியம் செய்யும் படிப்பு ஒன்று இருக்கிறது என்று அந்தப் புத்தகத்தில் படித்தபோது, இது நமக்கென்றே வந்த படிப்பு என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. மருத்துவக் கல்லூரியில் தீவு மாணவருக்கு ஒதுக்கப்பட்ட ஒன்றிரண்டு இடங்களுக்கு என் மதிப்பெண் எட்டவில்லை. அப்பா ஜி.பி.எஃப். முன்பணம் எடுத்தார், அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. நான்கௌரி கப்பலில் பங்க் வகுப்பில் மூன்று நாள் பயணம். ஹாடோ துறையில் வழியனுப்ப வந்த அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டே நின்றார்.

அந்தக் கல்லூரியின் பெயரையும் ஊரையும் சொல்லப் போவதில்லை. தமிழ்நாட்டின் ஒரு பெருநகரம், அவ்வளவுதான். புத்தகத்தில் அமெரிக்கக் கட்டடம் போல ஒரு படம் இருந்தது. நேரில் போனால் ஒரு கல்யாண மண்டபத்தை ஒட்டிய சந்தில், மாடியில் மூன்று அறைகள். பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று, அதற்கு இடது கை கிடையாது. சுவரில் நிறுவனர் பெரிய மனிதர்களோடு நிற்கும் புகைப்படங்கள். "அந்தமான்ல இருந்தா வர்றீங்க? அடேயப்பா, உங்க தீவுக்கே நீங்கதான் முதல் டாக்டர்!" என்றார் அவர். பதினெட்டு வயதுப் பையனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆண்டுக் கட்டணம் 35,000 ரூபாய், இரண்டு வருடப் படிப்பு. தினமும் வகுப்பு என்று போட்டிருந்தது, நடந்தது வாரம் மூன்று நாள், மாலையில் இரண்டு இரண்டு மணி நேரம். உடன் படித்தவர்களில் ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர், அழகு நிலையம் வைத்திருந்த ஒரு அக்கா, கிராமத்தில் ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் என்று எட்டுப் பேர். நல்ல மனிதர்கள். அவர்களில் யாரும் ஏமாற்ற வந்தவர்கள் இல்லை, என்னைப் போலவே நம்பி வந்தவர்கள். ஆசிரியர் எழுதிப்போடும் குறிப்பை நோட்டில் எழுதிக்கொள்வோம். பிறகு ஒருவர் முதுகை மற்றவர் அழுத்திப் பார்ப்போம். "டக்" என்று சத்தம் வந்தால் கைதட்டல். அந்தச் சத்தம், மூட்டுகளுக்கு நடுவில் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைவதால் வருவது, எலும்பு இடம் மாறி உட்காருகிற ஓசை அன்று என்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருடம் ஆயிற்று.

கைரோபிராக்டிக் என்பதே என்னவென்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கை, செயல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உண்டாக்கிய பெயர். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பாமர் என்பவர் 1895 செப்டம்பரில் தொடங்கி வைத்தது. அவர் இருந்த கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லர்ட் என்பவருக்குப் பல வருடமாகக் காது மந்தம். முதுகில் புடைத்திருந்த ஒரு எலும்பைப் பாமர் அழுத்தினார், காது கேட்டுவிட்டது என்பது கதை. முதுகுத்தண்டின் எலும்புகள் சற்றே நிலை பிசகி நரம்பைத் தடுப்பதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன, அதைச் சரி செய்தால் நோய் தீரும் என்று அவர் கோட்பாடு வகுத்தார். 1897இல் பள்ளி தொடங்கினார். 1906இல் உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்ததற்காகச் சிறைக்கும் போனார். எங்கள் வகுப்பில் லில்லர்ட் கதையைப் புராணம் போலச் சொன்னார்கள். காதின் நரம்பு மூளையிலிருந்தே நேராகக் காதுக்குப் போகிறது, முதுகுத்தண்டு வழியாகப் போவதே இல்லை. இதை எங்கள் எட்டுப் பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு எங்களுக்கு உடற்கூறு சொல்லிக் கொடுக்கப்படவும் இல்லை.

ஒரு நாள் துணிந்து, "சார், இத வச்சு கவர்மெண்ட் ஆஸ்பத்திரில வேலை கெடைக்குமா?" என்று கேட்டேன். "வேலை தேடுறவனுக்கு இல்ல தம்பி இந்தப் படிப்பு, வேலை குடுக்கிறவனுக்கு" என்றார் நிறுவனர். வகுப்பே கைதட்டியது. நானும்தான்.

பட்டமளிப்பு விழா ஒரு ஓட்டல் ஹாலில் நடந்தது. அங்கிக்கும் தொப்பிக்கும் தனியாகப் பணம். சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. ஏதோ ஒரு கவுன்சிலின் பதிவு எண்ணும் இருந்தது. அந்தக் கவுன்சிலின் முகவரியும் கல்லூரியின் முகவரியும் ஒன்றே என்பதைக் கப்பலில் திரும்பி வரும்போதுதான் கவனித்தேன். ஊர் வந்து எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதியப் போனேன். அங்கிருந்த கிளார்க் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேட்டா, யே கோன் சீ யூனிவர்சிட்டி ஹை?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இதோடு நின்றிருந்தால் காசு போன கதையாக முடிந்திருக்கும். ஆனால் நான் பலகை மாட்டினேன். 2001ஆம் வருடம், நாலு மாதம். வீட்டு முன்னறையில் ஒரு பெஞ்ச், பெயருக்கு முன்னால் டாக்டர். தெருவில் இருந்த ஒரு அத்தை இரண்டு மாதமாக நடுமுதுகில் வலி என்று வந்தார்கள். படுக்க வைத்துத் தொட்டுப் பார்த்தேன். நடுவில் ஒரு எலும்பு புடைத்துக்கொண்டு தெரிந்தது. லில்லர்ட் கதை அப்படியே கண்முன்னே! ஓங்கி அழுத்தக் கையை வைத்துவிட்டேன். அப்போது அத்தை தற்செயலாக, "சாயங்காலமானா லேசா காய்ச்சல் அடிக்குதுப்பா, சேலை வேற இடுப்புல நிக்க மாட்டேங்குது, எளச்சுட்டேன்" என்றார்கள். ஏனோ கை நின்றுவிட்டது. அறிவு அல்ல, பயம். ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வாங்க என்றேன்.

முதுகெலும்பில் காசநோய். எலும்பு அரித்து உளுத்துப்போயிருந்தது. அங்கிருந்த டாக்டர் என்னை அழைத்து, படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். "இத அழுத்தியிருந்தீங்கன்னா இந்தம்மாவுக்கு ரெண்டு காலும் போயிருக்கலாம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அத்தை மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார்கள். இன்றும் என்னைப் பார்த்தால், "நீதான் நோயக் கண்டுபிடிச்ச" என்பார்கள். அன்று மாலையே பலகையைக் கழற்றினேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "கட்டையப் பாக்காம ரம்பத்துல ஏத்துனது என் தப்புடா" என்றார்.

முதுகுவலி என்று வருபவரில் பெரும்பாலானவர்களுக்குத் தசைப்பிடிப்பு போன்ற சாதாரணக் காரணம்தான். ஆனால் சிலருக்கு அது காசநோயாக இருக்கும், வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோயாக இருக்கும், வயதான பெண்களுக்கு எலும்பு மெலிந்து தானே நொறுங்கியதாக இருக்கும். சிறுநீர் கட்டுப்பாடு போய், தொடை நடுவே மரத்துப்போனால் அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும். கழுத்தைச் சட்டென்று திருப்பும்போது, அரிதாகத்தான் என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததும் உண்டு. கையை எப்போது வைக்கக்கூடாது என்று கற்றுக்கொள்வதில்தான் இந்தத் தொழிலின் பாதிப் படிப்பு இருக்கிறது. எங்களுக்குக் கையை வைக்க மட்டும் சொல்லித் தந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2005இல் கைரோபிராக்டிக் பயிற்சிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. முழுப் படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரம், நான்கு ஆண்டுக்குச் சமமான முழுநேர வகுப்பு, அதில் 1,000 மணி நேரமாவது மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி என்கிறது அது. கடையில் கூட்டமில்லாத ஒரு மதியம் நான் படித்த நேரத்தைக் கணக்குப் போட்டேன். வாரம் ஆறு மணி, லீவு போக இரண்டு வருடத்தில் எழுபது வாரம் என்றால் 420. சரியாகப் பத்தில் ஒரு பங்கு. நோயாளியை மேற்பார்வையில் பார்த்த நேரம் பூஜ்யம்.

அப்படியானால் அமெரிக்காவில் போய்ப் படித்தவர்களுக்கு ஏமாற்றமே இல்லையா என்றால், அங்கும் உண்டு. அங்கே இந்தத் தொழிலுக்கு உரிமம் கொடுத்த முதல் மாநிலங்களில் ஒன்று கான்சாஸ், 1913இல். கடைசியாக வந்தது லூசியானா, 1974இல். கல்லூரிகளை ஆய்ந்து அங்கீகரிக்கும் கவுன்சிலை அந்நாட்டு அரசு ஏற்றதும் அதே 1974இல்தான். இவ்வளவுக்குப் பிறகும், ஜார்ஜியா மாநிலத்தில் ஆயிரக்கணக்கானோர் படித்த லைஃப் பல்கலைக்கழகத்தின் கைரோபிராக்டிக் படிப்புக்கு 2002இல் அங்கீகாரம் பறிபோனது. 2003இல் நீதிமன்ற உத்தரவால்தான் திரும்பக் கிடைத்தது. நடுவில் எத்தனையோ மாணவர்கள் வேறு கல்லூரி தேடிப் போனார்கள். பல லட்சம் கடன் வாங்கிப் படிக்கிற படிப்பு பாதியில் அந்தரத்தில் தொங்கினால் எப்படி இருக்கும்? ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே அங்கீகாரம் என்று ஒன்று இருந்ததால் பறிக்க முடிந்தது. எங்களுடையதில் பறிப்பதற்கு எதுவும் இல்லை.

படிப்பின் தன்மையையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஏமாந்த கோபத்தில் எல்லாவற்றையும் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இடுப்பு வலிக்கு இந்த முறையால் ஓரளவு நிவாரணம் கிடைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. உடற்பயிற்சி, மற்ற சிகிச்சைகளால் கிடைக்கும் அளவுதான், அதற்கு மேல் இல்லை. ஆஸ்துமா, காது, சர்க்கரை என்று பலகையில் எழுதுவதற்குத்தான் ஆதாரமில்லை.

இனி நம் நாட்டு நிலவரம். இந்தியாவில் கைரோபிராக்டிக்குக் கென்று சட்டப்படி அமைந்த மருத்துவக் கவுன்சில் கிடையாது. நான் கப்பலேறிய அதே 1998ஆம் வருடம் நவம்பர் 18ஆம் தேதி, டெல்லி உயர்நீதிமன்றம் இத்தகைய அங்கீகாரமற்ற மாற்று மருத்துவப் படிப்புகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவருவதைப் பரிசீலிக்கவும், இவற்றுக்கு அங்கீகாரம் இல்லை என்பதை மக்களுக்கு விளம்பரப்படுத்தவும் அரசுகளுக்கு உத்தரவிட்டது. அதன் பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநர் தலைமையில் நிபுணர் குழு அமைந்தது. 2003 நவம்பர் 25இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஆணை வெளியிட்டது. ஆயுர்வேதம், சித்தா, யுனானி, ஹோமியோபதி, யோகா-இயற்கை மருத்துவம் ஆகிய ஏற்கெனவே ஏற்கப்பட்ட முறைகள் தவிர வேறெதையும் தனி மருத்துவ முறையாகக் குழு பரிந்துரைக்கவில்லை. அக்குபஞ்சரையும் ஹிப்னோதெரபியையும் சிகிச்சை வகைகளாக மட்டும் அனுமதிக்கலாம் என்றது. (அக்குபஞ்சருக்கு 2019இல் தனி ஆணை வந்தது, அது வேறு.) பரிந்துரைக்கப்படாத முறைகளில் பட்டமோ பட்டயமோ தரக்கூடாது, அங்கீகரிக்கப்பட்ட முறைகளைச் சேர்ந்தவர்கள் மட்டுமே டாக்டர் என்று போட்டுக்கொள்ள வேண்டும் என்று மாநில அரசுகள் பார்த்துக்கொள்ளும்படி ஆணை சொல்கிறது. அதாவது, அத்தை என் பெஞ்சில் படுத்து இரண்டு வருடம் கழித்து.

"கவர்மெண்ட் ரிஜிஸ்டர்டுன்னு போட்டிருக்கே அண்ணாச்சி" என்பார்கள் கடைக்கு வரும் பெற்றோர். எல்லா மோசமும் இந்த ஒரு வார்த்தையில்தான். சங்கங்கள் பதிவுச் சட்டம் 1860இலிருந்து இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்து விதிமுறை எழுதிக் கையெழுத்துப் போட்டால் எந்தச் சங்கத்தையும் பதியலாம். இம்மலரை வெளியிடும் நம் சங்கமும் பதிவு பெற்றதுதான். அதற்காக நாம் நாளைக்கு மேடை போட்டு எம்.பி.பி.எஸ். பட்டம் கொடுக்க முடியுமா? பட்டம் தரும் உரிமை மத்திய, மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகத்துக்கும், நிகர்நிலை என்று அறிவிக்கப்பட்டதற்கும், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் தந்த நிறுவனத்துக்கும் மட்டுமே உண்டு என்று 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 22ஆம் பிரிவில் சொல்கிறது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அந்தக் குழு வெளியிடுகிறது. மாற்று மருத்துவம் என்று பெயரிலேயே வைத்துக்கொண்ட கல்கத்தா நிறுவனங்கள் அதில் இடம்பெற்றிருக்கின்றன. ஐ.எஸ்.ஓ. சான்று பெற்றது, டிரஸ்ட் நடத்துவது, சர்வதேச உறுப்பினர், தன்னாட்சி என்பதெல்லாம் பட்டத்தின் மதிப்பைப் பற்றி எதையும் சொல்லாதவை. ஐ.எஸ்.ஓ. சான்று பிஸ்கட் கம்பெனிக்கும் உண்டு.

எனக்கு இன்னும் ஆறாத ஒரு வருத்தம், கையால் முதுகைக் குணப்படுத்தும் கலையைத் தேடி நான் அயோவாக் கதையிடம் போனது. குமரி மாவட்டத்தில் வர்ம ஆசான்கள் இருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்றொரு புற மருத்துவமே இருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இலிருந்து நடக்கிறது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் திறக்கப்பட்டது. உள்ளிருப்புப் பயிற்சியோடு ஐந்தரை வருடம் படித்தால் சட்டப்படி வைத்தியர். அதற்கும் இடம் கிடைக்காவிட்டால் பிசியோதெரபி. எங்கள் சந்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பிசியோதெரபிக் கல்லூரி ஒன்று இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் மதிப்பெண்ணுக்கு அங்கே இடமே கிடைத்திருக்கும். சொல்ல ஆளில்லை. பிசியோதெரபி உள்ளிட்ட துணை மருத்துவத் தொழில்களுக்கு 2021இல் தேசிய ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. இங்கேயே 2015இல் மருத்துவக் கல்லூரி தொடங்கி, நம் பிள்ளைகள் வீட்டிலிருந்தே எம்.பி.பி.எஸ். படிக்கிறார்கள். அப்பா இதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

தீவில் இருப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஊரில் இருக்கும் அப்பா ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்க் கல்லூரியைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம். நமக்கு அது கப்பலும் மூன்று நாளும், அல்லது விமான டிக்கெட்டும். அதனால் புத்தகத்தைப் பார்த்தே பணம் கட்டுகிறோம். நான் பெற்றோரைச் செய்யச் சொல்வது ஒரு சின்ன வேலைதான். பணம் கட்டுமுன் கல்லூரிக்கு ஒரு கடிதம் போடுங்கள். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், அது எந்தச் சட்டப்படி அமைந்தது, படித்தவர் எந்த அரசுக் கவுன்சிலில் பதிவு செய்யலாம், இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வந்த பதிலை அப்படியே நம்பாமல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடிதம் போட்டு, இந்தக் கல்லூரி உங்களோடு இணைந்ததா என்று விசாரியுங்கள். போனில் சொல்வதை ஏற்காதீர்கள். போனில் என் நிறுவனரைப் போல இனிமையாகப் பேச யாராலும் முடியாது.

போன ஜூன் மாதம் ஹாடோவிலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார்கள். மகள் கெட்டிக்காரப் பெண். கையில் முதுகெலும்பு சிகிச்சையில் சர்வதேச டிப்ளமோ என்று ஒரு புத்தகம், முன்பணம் கட்டக் கடைசித் தேதி அந்த வெள்ளிக்கிழமை. நான் மேஜை இழுப்பறையிலிருந்து என் சான்றிதழை எடுத்துக் காட்டினேன். பொன்னெழுத்து இன்னும் மங்கவில்லை. அந்தப் பெண் படித்துப் பார்த்துவிட்டு, "நீங்க டாக்டரா அங்கிள்?" என்று கேட்டாள். மூன்று கேள்விகளையும் அவளே தன் கையால் எழுதினாள், நகல் எடுத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை இரண்டு வாரத்தில் கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் இன்னும் வரவில்லை. அவள் பிசியோதெரபியில் சேர்ந்துவிட்டாள்.